வரைபடத்தில் இல்லாத வேம்பு

அத்தையின் களைக்கொத்து இப்போது என் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில், மழைக்கோட்டோடு கிடக்கிறது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். இரும்பு நுனி தேய்ந்து தேய்ந்து தேக்கரண்டி அகலத்துக்கு வந்துவிட்டது. கைப்பிடி கொய்யாக் கட்டை. கட்டைவிரல் அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம். என் விரலை வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் பொருந்துவதில்லை. அத்தையின் விரல் என்னுடையதைவிடக் குட்டை. பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போன அன்று இதை எதற்காகக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. தாய்வீட்டுப் பரணில் வேறு எதையோ தேடும்போது கிடைத்தது. எடுத்தேன், துடைத்தேன், பைக்குள் போட்டேன். கூட்டம் முழுக்க அது என் தொடையைக் குத்திக்கொண்டே இருந்தது.

நான் எங்கள் வார்டு உறுப்பினர். பெரிய அரசியல் எல்லாம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, வார்டில் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்குத் தெரியும் என்பதைத் தவிர நிற்பதற்கு எனக்கு வேறு தகுதி இருக்கவில்லை. ஜெயித்தேன். தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் என்று மூன்று வருடம் ஓடியது. பிறகு பாவடி விவகாரம் வந்தது. அதிலிருந்து எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை.

பாவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் இடையில் இருக்கிறது. தறிக்காரர்கள் தெரு நாலு. அந்த நாலு தெருவுக்கும் பின்னால் நீளவாக்கில் ஒரு வெற்றுத் தரை. நெய்வதற்கு முன்னால் பாவு நூலை முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பதற்கு என்று எந்தக் காலத்திலோ விட்ட இடம். விட்டது யார் என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் கதை உண்டு. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் கதை எதுவும் இல்லை, ‘நெசவாளர் பாவடி’ என்று இரண்டு வார்த்தைதான் இருக்கிறது. என் சின்ன வயதில் விடிகாலையில் அங்கே போனால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்பு உயரத்தில் நூல் ஓடும். கஞ்சி வாடை கொல்லைக் கதவு வரைக்கும் வரும்.

அந்தப் பாவடியில் மரம் கூடாது. வேறு ஊர்ப் பாவடிகளில் வரிசையாகப் புளியும் வேம்பும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மரம் இருந்தால் காக்கை வரும், வெள்ளைப் பாவில் எச்சமிடும் என்பார் அப்பா. நிழல் விழுந்த இடம் ஈரமாகவும் வெயில் விழுந்த இடம் மொரமொரப்பாகவும் காயும் என்பார்கள் சிலர். எங்கள் சமூகத்துக்குத் தலைவராக இருந்த பெரியதனக்காரர் சொன்ன காரணம்தான் எனக்கு மறக்கவில்லை. “மரம் வந்தா நெழலு வரும். நெழலு வந்தா எவனாச்சும் ஒரு கல்லக் கொண்டாந்து வெப்பான். கல்லு வந்தா மணி வரும், மணி வந்தா செவுரு வரும். அப்பறம் பாவ எங்க நீட்டறது, உங்கூட்டுக் கூரை மேலயா?” என்று கேட்பார்.

இந்த விதியைக் காப்பாற்றும் வேலை அத்தையுடையது. அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆன இரண்டாம் வருடமே கொமாரபாளையத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. அந்த மாப்பிள்ளையின் பெயர் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடப் பேசப்பட்டதில்லை. பெரியதனக்காரர் அவளைப் பாவடி கூட்ட அமர்த்தினார். கோழி கூப்பிடுமுன் எழுந்து போய், தரையைக் கூட்டி, கல் பொறுக்கி, முளைத்திருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கி எறிவாள். நெருஞ்சி, கோரை, எருக்கு, வேம்பு, எதுவாக இருந்தாலும் இரண்டு இலைக்கு மேல் அவள் விட்டதில்லை. எல்லோரும் அவளைச் சாது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குக் கதை சொன்னதில்லை, தலை வாரிவிட்டதில்லை. குறுக்கே போனால், “அக்கட்டால போ புள்ள” என்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

அஞ்சாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். எனக்கு வேம்பு வந்தது. செடியின் தண்டில் நூலைக் கட்டி, அட்டையில் என் பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தார் டீச்சர். எங்கள் வீட்டில் தறி போக மிச்சம் இருந்த இடத்தில் ஆள் படுப்பதற்கே சிரமம், செடி எங்கே வைப்பது? பாவடியின் ஓரத்தில், பாவு நீட்டாத மூலையாகப் பார்த்து, சாயங்காலம் நட்டுவிட்டு வந்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தபோது அத்தை அதன் முன்னால் குந்தியிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, களைக்கொத்தை அடியில் விட்டு ஒரே நெம்பு. வேர் மண்ணை உதறினாள். குழியை மூடிக் காலால் மிதித்துச் சமன் செய்தாள். பிறகு செடியில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். “இந்தா, இது உன்னுது” என்றாள். அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் அது பெயர் என்பது தெரிந்திருக்கிறது.

நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். இத்தனை வயதுக்குப் பிறகும், அந்த ஒரே நெம்பை நினைத்தால் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. செடிக்காக அல்ல. என்னைப் பார்த்த பிறகும் பிடுங்கினாளே என்பதற்காக.

பிறகு நான் உள்ளூரிலேயே அடுத்த தெருவுக்கு வாக்கப்பட்டுப் போனேன். கஞ்சி போட்ட பாவு சைசிங் மில்லிலிருந்து உருளையாகச் சுற்றி டெம்போவில் வர ஆரம்பித்தது. பாவடியில் நூல் நீட்டுவது நின்றது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. விடிகாலைக் குளிரில் அப்பா இருமிக்கொண்டே நடந்ததை நான் பார்த்தவள். பாவு நின்ற பிறகும் அத்தை பாவடிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. போர்வெல் போடும் ரிக் லாரிகள் வந்து நின்றன, கல்யாண மண்டபத்துக் கார்கள் நின்றன, கிழங்கு காயப்போட்டார்கள். அத்தை லாரிச் சக்கரங்களுக்கு நடுவே குந்தி நகர்ந்து களை பிடுங்கினாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தபோது அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணில் முழுக்கப் புரை. இடது கண்ணில் ஏதோ மங்கலாகத் தெரியும் போல. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “கண்ணு நல்லாத்தான் இருக்குது, போ” என்பாள். ஒருநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாவடிப் பக்கம் போனேன். அத்தை இடது கையால் தரையைத் தடவிக்கொண்டே முன்னால் நகர்ந்தாள். கையில் தட்டுப்பட்டதைக் களைக்கொத்து பின்னாலேயே வந்து நெம்பியது. தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற மாதிரி அந்தக் கை சுற்றிச் சுற்றிப் போனது.

கிழக்கு மூலையில், அவள் வழக்கமாகக் குந்தி வெற்றிலை போடும் இடத்துக்கு அருகில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வேம்பு நின்றது. நான் செடி வைத்த அதே மூலை.

“ஏனுங்கத்தை, இத உட்டுட்டீங்க?” என்றேன்.

“எத?”

அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அத்தை இலையைத் தொட்டாள். பிறகு தண்டு வழியாக விரலைக் கீழே இறக்கி, தரை வரைக்கும் போய், அங்கேயே வைத்திருந்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. “அது கெடக்குது, உடு சாமி” என்றாள். வாழ்நாளில் அவள் என்னைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

என் கேள்வியைக் கேட்டபோதுதான் அந்தச் செடி இருப்பது அவளுக்குத் தெரிந்ததா? அல்லது முன்னமே தெரிந்து, தெரியாத மாதிரி கேட்டாளா? அன்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. செடி இடுப்பளவு வளர்ந்த பிறகு பெரியதனக்காரர் கண்ணில் பட்டது. கூப்பிட்டு விசாரித்தார். “கண்ணு தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா உட்டிருப்பனுங்களா” என்று சொல்லியிருக்கிறாள். அவர் பெருமூச்சு விட்டு, இனிமேல் வேண்டாம், ஊட்டுலயே இரு என்று அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். “அவருகிட்ட அப்பிடித்தான் சொல்லோணும். எம்பட கைக்குத் தெரியாம அங்க ஒண்ணு மொளைக்குமா?” என்று. இரண்டில் எது நிஜம்? விதியை மீறினேன் என்று பெரியதனக்காரரிடம் சொல்ல முடியாது. கண் போய்விட்டது என்று அம்மாவிடம் ஒத்துக்கொள்ளவும் அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்காது. இரண்டுமே பொய்யாக இருக்கலாம், இரண்டுமே நிஜமாகவும் இருக்கலாம். மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். யார் வெட்டுவது என்பதில் தள்ளிப்போய், அத்தை இறந்ததும் அந்தப் பேச்சு அப்படியே விட்டுப்போனது. மரம் வளர்ந்துவிட்டது.

இப்போது போன ஆண்டு வந்த விவகாரத்துக்கு வருகிறேன். பாவடியின் வகைப்பாட்டை மாற்றிப் பூங்காவாக அறிவிப்பது என்று பேரூராட்சியில் பேச்சு எழுந்தது. ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவே இரண்டாகப் போனது.

முதலில் வந்தவர் இப்போதைய பெரியதனக்காரர், பழையவரின் மகன். என் கடைக்கே வந்து, தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். “பேரு மாறுச்சுன்னா எடம் மாறுச்சுங்க. இன்னிக்குப் பூங்காம்பாங்க. நாளைக்கு அதுல கடை கட்டலாம்பாங்க. பாவடின்னு எழுதி இருக்கற வரைக்குந்தான் அது நம்மளுது. உங்க அத்தை முப்பது வருசம் ஒரு செடி மொளைக்க உடாம காத்த எடம். நீங்களே கையத் தூக்கினா எப்பிடிங்க?” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பாவடி பஸ் நிறுத்தமாகி, பிறகு வணிக வளாகமாகி நிற்பதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்க்கிறோம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். சர்க்கரை இருக்கிறது, தினமும் நட என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடக்க எங்கள் ஊரில் இருப்பது நெடுஞ்சாலை ஓரம் ஒன்றுதான். பாவடியில் நடக்கலாமே என்றால் கண்ணாடிச் சில்லும் லாரி எண்ணெயும் குழியும். ஒருநாள் காலையில் ரோட்டோரம் நடந்தவளை முட்டை வேன் ஒன்று இடித்துவிட்டுப் போனது. காலில் கம்பி வைத்து ஆறு மாதம் படுத்திருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “நாங்க என்ன மாளிகையா கேக்கறோம்? வண்டி வராத எடமா ஒண்ணு கேக்கறோம். உங்க அத்தையே கடேசில ஒரு மரம் உட்டாங்கல்ல. அவங்க மனசுல இருந்தது இதுதான், பாத்துக்க.” அவள் சொன்னதிலும் தப்பில்லை.

எனக்கு வந்ததே கோபம். உயிரோடு இருந்தவரைக்கும் அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கருத்து கேட்டதில்லை. செத்த பிறகு ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முப்பது வருடம் பிடுங்கியதும் அவள்தான், ஒன்றை விட்டதும் அவள்தான். நான் எந்த அத்தையின் மருமகள்? ராத்தூக்கம் போய், பட்டப்பகலில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்தை மாற்றி வெட்டினேன். பேரூராட்சித் தலைவர் வேறு போன் செய்து, “உங்க வார்டு எடமுங்க. நீங்க ஆமான்னா எல்லாரும் ஆமா, வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொல்றதுதானுங்க” என்று சுமையை என் தலையில் இறக்கிவிட்டார்.

கூட்டத்தன்று பொறியாளர் பெரிய தாளில் வரைபடத்தை விரித்தார். சுற்றிலும் நடைபாதை, நடுவே புல்தரை, ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவிகள். கிழக்கு மூலையில் நுழைவாயில் வளைவு; அதை ஒட்டி, ராத்திரியில் எரிகிற விளக்கு எழுத்தில் ‘ஐ லவ்’ போட்டு எங்கள் ஊர்ப் பெயர். நான் அந்த மூலையில் விரலை வைத்தேன்.

“இங்க ஒரு வேப்ப மரம் இருக்குதுங்களே?”

அவர் குனிந்து பார்த்தார். “டிராயிங்ல மரம் எதுவும் இல்லீங்க மேடம். காலி எடம்னுதான் அளந்து கொடுத்திருக்காங்க. இருந்தா எடுத்துட்டு, புதுசா நாப்பது மரம் வெச்சுரலாம்.”

மரமே கூடாது என்கிறவர்கள் இத்தனை வருடம் வெட்டாமல் விட்ட ஒற்றை மரம், பசுமை வேண்டும் என்கிறவர்களின் படத்தில் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரத்தை வைத்துக்கொண்டு வளைவை நகர்த்துங்கள் என்றேன். “பார்க்கலாமுங்க” என்றார் தலைவர். எழுத்தர் அதை எழுதிக்கொண்டாரா என்று எட்டிப் பார்த்தேன். அவர் பேனா அசைந்த மாதிரிதான் இருந்தது. பிறகு, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நான் முடிவெடுத்தது எனக்கு ஞாபகமில்லை. அக்காவின் காலில் கம்பி ஏறிய தழும்பு ஞாபகத்துக்கு வந்தது. பார்த்தால் என் கை மேலே இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களின் கைகளும் ஏறின.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியதனக்காரர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பரவால்லீங்க. நீங்களும் என்னதான் பண்ணுவீங்க” என்றார். பிறகு, “பாவடின்னு பேராச்சும் இருக்குமுங்களா?” என்று கேட்டார். தெரியாதுங்க என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன் பாவடிக்குப் போனேன். இரண்டு நாள் முன் பெய்த மழையில் தரை இளகியிருந்தது. வேம்பு பழுத்து உதிர்ந்து முடித்த நேரம். மரத்தைச் சுற்றி விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கில் கன்றுகள், கோரையோடு கலந்து. சேலையைச் சொருகிக்கொண்டு, அத்தை குந்தும் இடத்தில் குந்தினேன். களைக்கொத்தை வலது கையில் எடுத்துக்கொண்டேன். என்ன தோன்றியதோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கையால் தரையைத் தடவ ஆரம்பித்தேன்.

கோரை வழவழவென்று நழுவியது. நெருஞ்சி குத்தியது. அடுத்து விரலில் பட்டது வேம்பு. பட்டதுமே தெரிந்துவிட்டது. ஓரம் ரம்பம் மாதிரி வெட்டிய இலை, மெல்லிய தண்டு, அடியில் இன்னும் உதிராத கொட்டைத் தோல். கண் தேவையே இல்லை. ஊசியும் நூலும் பிடித்து மரத்துப்போன என் விரலுக்கே தெரிகிறது என்றால், முப்பது வருடம் அந்தத் தரையைத் தடவிய கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. கண்ணைத் திறந்தபோது கன்று வேரோடு என் கையில் இருந்தது. பிடுங்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இடது கை தொட்டதும் வலது கை நெம்பிவிட்டது.

அப்படியே குந்தியிருந்தேன். ஒரே ஒரு காலைப்பொழுது குந்திய எனக்கே கை முந்திக்கொள்கிறது. முப்பது வருடப் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்த கையை அத்தை ஒருநாள் இதே இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினாளா? எனக்காகவா, அவளுக்காகவா? என் செடியை மட்டும் ஏன் என் கண் முன்னால் பிடுங்கினாள்? கேட்பதற்கு ஆள் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். அந்தப் பக்கமாகக் கம்பு ஊன்றி நடந்து போன பக்கத்து வீட்டு அக்கா, மண் பட்ட என் கையைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தாள்.

களைக்கொத்தின் தேய்ந்த நுனியால் மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு சின்னக் குழி தோண்டினேன். கன்றை அதில் வைத்து, மண்ணைத் தள்ளி, விரலால் அழுத்தினேன். காலால் மிதிக்கவில்லை. வரைபடத்தில் அந்த இடம் புல்தரையா, நடைபாதையா, வளைவின் தூணா என்று எனக்குத் தெரியாது. அது பிழைக்குமா என்றும் தெரியாது. பாவடியில் செடி நட்டது தப்பா என்றுகூட இன்னும் தெளிவில்லை. களைக்கொத்தை முந்தானையில் துடைத்து, இருக்கையைத் தூக்கி, மழைக்கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.